அலை உடைக்காத வளையல்

அந்த வளையல் உடையாமல் இருந்தது. அம்சாவுக்கு முதலில் உறுத்தியது அது ஒன்றுதான்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. மரக்காணம் கரையில் அலை பின்வாங்கிப் போயிருந்தது. கிளிஞ்சல் நொறுங்கலும் காய்ந்த பாசியும் கலந்து கிடந்த ஈரக்கோட்டின் ஓரமாகக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தவளுக்கு மணலுக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது. சோடா பாட்டிலின் கழுத்தாக இருக்கும் என்று விரலை விட்டு நெம்பினாள். முழு வட்டமாகக் கையோடு வந்தது. கண்ணாடி வளையல். பாலாடை படிந்ததுபோல மங்கிப்போய், ஒரு விரிசல்கூட இல்லாமல் இருந்தது.

கடல் கண்ணாடி பொறுக்குகிறவர்களுக்குத் தெரியும், கடல் எதையும் முழுதாகத் தராது. பாட்டிலோ டம்ளரோ விளக்குச் சிம்னியோ, எதுவானாலும் உடைந்து சில்லாகி, அலையில் உருண்டு, மணலில் தேய்ந்து, விளிம்பு மழுங்கி, மேலே வெள்ளைப் பூச்சு ஏறிக் கரைக்கு வர முப்பது நாற்பது வருஷமாகும். வளையல் துண்டு எப்போதாவது கிடைக்கும், நகத்தளவு வில்லாக. பஸ்ஸில் கம்பியை அவசரமாகப் பிடித்தாலே உடைந்துபோகிற சாமான் அத்தனை வருஷம் அலையில் முழுசாகக் கிடக்க வழியே கிடையாது.

ஆனாலும் அவள் சந்தோஷமாகத்தான் திண்டிவனம் பஸ் ஏறினாள். அரிய பொருள் கிடைத்த அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அது இரண்டு நாள் கழித்துத்தான் வரும்.

அம்சாவுக்கு நாற்பத்திரண்டு வயது. திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் தேய்ப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதே வேலை. கண்ணாடி எப்படித் தேயும், எங்கே விட்டுக்கொடுக்கும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். புருஷன் மாசிலாமணி உப்பு லோடு அடிக்கிற லாரி ஓட்டினான். அவன் இருந்தவரைக்கும் கடையையும் வீட்டையும் விட்டால் மூன்றாவது இடம் அவளுக்கு இல்லை.

அவன் அடிக்க மாட்டான். பிடிப்பான். வலது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலை எலும்பின் மேல் வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே, அவசரமே இல்லாமல் அழுத்துவான். இரண்டு தடவை எலும்பு முறிந்தது. இரண்டாம் தடவை விழுப்புரத்தில் போட்டுவிட்ட மாவுக்கட்டைப் பதினைந்தாம் நாளே அவன் வெட்டி எறிந்தான். சோறாக்கக் கை வேண்டுமாம். கட்டைவிரலின் அடியில் எலும்பு கோணலாகக் கூடிப் புடைத்து நின்றுவிட்டது.

போன வருஷம் தை மாசத்தில் குடித்துவிட்டு உப்பளத்துக்குப் பின்னால் கடலில் இறங்கினான். மூன்றாம் நாள் கடல் அவனைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கடலிடம் அம்சாவுக்கு நன்றி இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். அதைப் பார்ப்பதற்காகவே ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தாள். கண்ணாடி பொறுக்கும் பழக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பொறுக்கியதை வீட்டில் இனம் பிரித்து ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வைத்திருந்தாள். பழுப்பு ஒன்று, பச்சை ஒன்று, வெள்ளை இரண்டு. நீலம் மட்டும் நாலே நாலு சில்லு, தனியாக ஒரு மாத்திரை டப்பாவில். கடையிலிருந்து கொண்டுவந்த பத்து மடங்கு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து அந்த வளையலை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். நிஜமான கடல் கண்ணாடியின் மேல் பிறை பிறையாகச் சின்னக் குழிகள் இருக்கும். கற்களோடு மோதி மோதி விழுந்த குழிகள். டிரம்மில் போட்டுச் சுற்றி ஏமாற்றுகிற கண்ணாடியில் அது இருக்காது. வளையலின் வெளிப்பக்கம் முழுக்கப் பிறைகள் நெருக்கியடித்து இருந்தன. உள்பக்கம் ஒன்றுமே இல்லை. வழவழவென்று, எண்ணெய் தடவியதுபோல மின்னியது.

கடல் கண்ணாடிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் எல்லோருக்கும் இனம் பார்த்துச் சொல்கிறவர் புதுச்சேரியில் இருக்கும் நெடுஞ்செழியன் என்கிற ஓய்வுபெற்ற பேராசிரியர். அவருக்குப் படம் அனுப்பினாள். சாயங்காலம் அவர் குரல் வந்தது.

"அம்சா மேடம், வெளிப்பக்கம் அம்பது வருஷத்துக்குக் கொறையாம தண்ணியில கெடந்த சரக்கு. அதுல சந்தேகமே இல்ல. உள்பக்கந்தான் புடிபடல. எதுமேலயோ மாட்டிக்கினு இருந்திருக்கு. மணலு உள்ள போவாம, அதுமேலயே சுத்திச் சுத்தித் தேஞ்சிருக்கு. கல்லு, கட்ட இல்ல. மெத்துனு இருக்கற எதுவோ."

அடுத்த ஞாயிறு இன்னொன்று கிடைத்தது. ஏறக்குறைய அதே இடம், அதே பச்சை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. நான்காவதை எடுத்தபோது கையில் வித்தியாசம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தாள். முதல் மூன்றும் ரெண்டு எட்டு, பெரிய அளவு. நான்காவது ரெண்டு நாலு, சின்ன அளவு.

அளவுகோலை மெதுவாகக் கீழே வைத்தாள். ஒரே டஜனில் இரண்டு அளவு எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். ஒரே ஒரு டஜன் அப்படி இருந்தது அவளுக்குத் தெரியும். அதைக் கையில் போட்டிருந்தவள் அவள்தான்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு விடியும் முன்னால், செத்தவனின் பெண்டாட்டிக்குக் கடைசியாக ஒருமுறை பூவும் பொட்டும் வைத்து, இரண்டு கையிலும் வளையலை நிறைத்து, தலையோடு துணியால் மூடி உட்கார வைப்பார்கள். ஏற்கெனவே தாலியறுத்த ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக் கல்லில் மோதி வளையலை உடைப்பாள். உடைக்கிறவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. பேச்சும் கிடையாது. அம்சாவுக்கு இடது கையில் ரெண்டு நாலு ஆறும், கோணல் எலும்பைத் தாண்ட வேண்டும் என்பதால் வலது கையில் ரெண்டு எட்டு ஆறும் ஏற்றினார்கள். மாசிலாமணியின் அக்கா பாஞ்சாலி எதிரில் வந்து உட்கார்ந்து வலது மணிக்கட்டைத் தொட்டதும் அம்சா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இந்த மணிக்கட்டை இனி எவரும் பிடிக்கக் கூடாது. அவள் கேட்டது அது ஒன்றுதான். சடங்கை அவமதிக்க வேண்டும் என்று அவளுக்கு எண்ணமில்லை. குளியலறைக்குப் போய் சோப்பைப் போட்டுப் பன்னிரண்டையும் தானே முழுசாகக் கழற்றினாள். சாம்பல் கரைக்கப் போன அன்று அவற்றையும் கடலில் விட்டாள். பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பேராசிரியர் ஐம்பது வருஷம் என்கிறார்.

வேறு யாருடைய வளையலாகவாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலையும் ஒரு பாட்டிலில் போட்டு மூடி அலமாரியில் வைத்தாள். அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு, அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோது, பாட்டிலுக்குள் கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நல்ல வளையல் கலகலக்கும். தேய்ந்துபோன வளையல் கலகலக்காது, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல இருக்கும். ஆறரை என்பது மாசிலாமணி லாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நேரம். மறுநாளும் அதே ஆறரைக்குக் கடக்கென்றது. அதற்கு மறுநாளும்.

பிறகு வாசனை வந்தது. நனைந்த உப்புச் சாக்கின் வாசனை, அதோடு பீடியும் வியர்வையும். கதவுக்குப் பின்னால், துணிக்கொடிக்கு அடியில், சில நாள் அவளுடைய தலையணையில். காலையில் எழுந்தால் சிவப்பு சிமென்ட் தரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கும். ஈரம் காய்ந்து உப்பு பூத்த திட்டு. வாசலில் தொடங்கிக் கட்டில் பக்கம் வரைக்கும் வந்து நின்றுவிடும். துடைத்தாள். மறுநாள் இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தது.

கடையில் முன்பக்கம் உட்காருகிற கலைப்பிரியா ஒருநாள் லென்ஸ் தட்டை வாங்கும்போது அவள் கையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, கை கன்னிப் போயிருக்கு? எங்கனா இட்சிக்கினியா?"

மணிக்கட்டில், கோணல் எலும்பின் மேல், காலணா அளவுக்கு நீலமாக ஒரு தடம் இருந்தது. அது கட்டைவிரல் அளவு என்று அம்சா சொல்லவில்லை. மிஷின்ல பட்டுடுச்சி என்றாள். பயம் வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தனக்கே ஒப்புக்கொண்டாள். பதினான்கு மாதமாக நிம்மதியாகத் தூங்கியவள், அது பறிபோகிறது என்று தெரிந்து, சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அழுதாள்.

ஐந்தாவதும் ஆறாவதும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் கரையிலேயே கிடைத்திருந்தன. ஏழாவது ஞாயிறு அவள் கடலுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காய்கறி வாங்கத் துணிப்பையை உதறியபோது மணலோடு சேர்ந்து ஏழாவது விழுந்தது. எட்டாவது தண்ணீர் டிரம்மில் இருந்தது. சொம்பை உள்ளே விட்டபோது அடியில் கடக்கென்று இடித்தது. ஒன்பதாவது அரிசிக்குள். பத்தாவதும் பதினொன்றாவதும் ஒரே நாளில், அவள் குளித்துவிட்டு வருவதற்குள், கட்டிலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

உடைத்துத் தொலைக்கலாம் என்று அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் அடித்தாள். குழவி தெறித்தது. கடைக்குக் கொண்டுபோய், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் தேய்க்கும் சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். எவ்வளவு தடித்த லென்ஸையும் வெண்ணெயாக வழிக்கிற சக்கரம். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் சக்கரத்தில் வரி விழுந்திருந்தது. வளையலில் ஒரு கீறல் இல்லை.

அன்றைக்கே வல்லத்தில் இருக்கும் பாஞ்சாலிக்குப் போன் போட்டாள். அவள் வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அத்த ஒடைக்காமயாடி கடல்ல போட்ட?"

"ஆமா அண்ணி. முழுசாத்தான் போட்டேன்."

பாஞ்சாலி களைக்கொத்தைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அவனுக்குச் சேதி போவல. ஒடையற சத்தந்தான்டி சேதி. இனிமே இவ ஒம் பொண்டாட்டி இல்ல, நீ போன்னு சொல்றது. அதக் கேக்காதவன் எப்புடிப் போவான்?"

"கல்லுல வச்சி அடிச்சேன் அண்ணி. ஒடைய மாட்டுது."

"தரையில வச்சி அடிச்சா ஒடையாது. மணிக்கட்டுல போட்டுக்கினு ஒடைக்கணும். அறுத்தவ வந்து ஒடைக்கணும். நானே வர்றேன்." பாஞ்சாலி குரலைத் தணித்தாள். "வியாழக்கெழம அமாவாச. காலையில பதினோரு மணிக்குள்ள வந்துடுவேன். குளிச்சிட்டு, இருக்கற வளையல கையில ஏத்திக்கினு, தலயோட துணியப் போத்திக்கினு நடுவூட்டுல ஒக்காரு. கதவத் தாப்பா போடாத. நான் வந்தா பேசக்கூடாது. எம் மூஞ்சிய நிமுந்து பாக்கக்கூடாது. அன்னிக்கு மாதிரி கையப் புடுங்கிக்கினு எழுந்துக்காத, தாயே. பொறுத்துக்கோ."

"பதினொண்ணுதான் அண்ணி வந்திருக்கு. ஒண்ணு கொறையுது."

"வந்தத ஒடப்போம்."

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொன்னாள். பத்து மணிக்குக் குளித்துவிட்டு வந்து பாட்டிலைத் திறந்தாள். இடது கைக்கு ஆறு. வலது கைக்கு ஐந்து. சோப்பே தேவைப்படவில்லை, கோணல் எலும்பைத் தாண்டித் தானாக இறங்கின. ஒவ்வொன்றின் உள்பக்கமும் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொருவர் கையிலிருந்து இப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

பழைய வெள்ளைப் புடவை ஒன்றைத் தலையோடு போர்த்தி முகத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். துணிக்கு அடியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் மடி, இரண்டு கைகள், அதற்கு முன்னால் ஒரு முழம் சிவப்புத் தரை. வெளியே ஆனி மாதக் காற்று தென்னை மட்டைகளைச் சுழற்றியது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. ரயில் ஒன்று ஸ்டேஷனைத் தாண்டிப் போனது, ஜன்னல் கம்பிகள் கொஞ்ச நேரம் அதிர்ந்தன. அதற்குப் பிறகு கரன்ட் போய், மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றாகத் தயங்கித் தயங்கி நின்றது.

துணிக்குள் அவள் மூச்சே அவளுக்குச் சுட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தடவை. பாஞ்சாலி அண்ணி பிடிப்பாள், கல்லில் மோதுவாள், சத்தம் கேட்கும், முடிந்துவிடும். அதற்கப்புறம் இந்தக் கை தன்னுடையது.

கேட் கிறீச்சிட்டது.

காலடி மெதுவாக வந்தது. அண்ணிக்கு முழங்கால் வலி உண்டு. கதவு திறந்தது, வெளிச்சம் தரையில் நீண்டது. கதவு சாத்திக்கொண்டது, வெளிச்சம் போனது. தாழ்ப்பாள் இழுபட்டு விழுந்தது. அக்கம்பக்கத்தார் யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று போட்டிருப்பாள். நல்லதுதான்.

எதிரில் உட்கார்ந்தது. கனமாக. தரை அதிர்ந்தது.

அண்ணி எப்போதும் வெற்றிலை போடுவாள். வெற்றிலை வாசனை வரவில்லை. அம்சா மூச்சை இழுத்துப் பார்த்தாள். நனைந்த சாக்கு. வழியில் மழையாக இருக்கும். ஆனி மாசத்தில், வல்லத்தில், மழை பெய்யக் கூடாதா? பெய்திருக்கும்.

தரையில் தண்ணீர் சொட்டியது. ஒன்று. இன்னொன்று. சின்னக் குளமாகி அவள் முழங்காலை நோக்கி மெல்ல நகர்ந்து வந்தது.

வலது மணிக்கட்டைப் பிடித்தது.

குளிர்ந்த கை. அவள் கை இழுத்துக்கொள்ளத் துடித்தது. பொறுத்துக்கோ, தாயே. பல்லைக் கடித்துக்கொண்டு கல்லின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கல் வரவில்லை. அந்தக் கையில் அவசரமே இல்லை. கட்டைவிரல் மட்டும் நகர்ந்தது. தேடவில்லை. தடவிப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கோணல் எலும்பின் மேல், அந்த நீலத் தடத்தின் மேல், கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்போது வெளியே கேட் கிறீச்சிட்டது.

"அம்சா!" கதவு தடதடத்தது. "ஏன்டி தாப்பா போட்ட? பஸ்ஸு லேட்டாயிடுச்சி. தொறடி!"

பாஞ்சாலியின் குரல். வெளியே இருந்து.

அம்சா அசையவில்லை. கத்த வாயைத் திறந்தாள். முகத்தின் மேலிருந்த துணி நனைந்து கனத்து உதட்டோடு ஒட்டியது. உப்புக் கரித்தது. கண்கள் மட்டும் கீழே இருந்தன. தன் மணிக்கட்டு. அதைப் பிடித்திருந்த கை. தண்ணீரில் ஊறி வெளுத்து உப்பிய ஆம்பளைக் கை. விரல் நகங்களின் அடியில் மணல். அந்த மணிக்கட்டில், ஊறிய சதைக்குள் பாதி புதைந்து, ஒரு பச்சை வளையல்.

மற்றொரு கை வந்தது. அந்த வளையலைப் பிடித்து முன்னால் தள்ளியது. அது வர மறுத்தது. தள்ளத் தள்ளத் தோல் சுருண்டு கூடவே வந்தது. பிடித்திருந்த கை சறுக்கி அவள் விரல்களோடு கோத்துக்கொள்ள, வளையல் இரண்டு கைகளின் மேல் ஊர்ந்தது. அவன் விரல்களைத் தாண்டியது. அவள் விரல்களுக்கு வந்தது. எலும்பின் மேட்டில் ஒரு கணம் நின்றது. ஏறியது. இறங்கியது.

கடக்.

ஆறும் ஆறும்.

"அம்சா! உள்ள யாருடி? யாரு கூட இருக்க?" கதவு நிற்காமல் அதிர்ந்தது.

துணிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், நீர் கட்டிய தொண்டை ஒன்று கனைத்துச் சரிசெய்துகொண்டது. சாதாரணமாகக் கேட்டது.

"இன்னா கொழம்பு இன்னிக்கி?"

கட்டைவிரல் பழைய இடத்துக்கே திரும்பி, அவசரமே இல்லாமல், அழுத்த ஆரம்பித்தது.